இரண்டாம் பருவ முடிவில் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், ஆறாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு.

‘இலை, ஓலை: பொருள் வேறுபாடு எழுதுக’ என்று 2 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. பாதி வகுப்பு, ‘பச்சையாக இருந்தால் இலை, காய்ந்துவிட்டால் ஓலை’ என்று ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தது. அதற்கு மதிப்பெண் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டு வந்த அழைப்புகள்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். மா, வேம்பு, புளி போன்றவற்றுக்கு இருப்பது இலை. தென்னைக்கும் பனைக்கும் இருப்பது ஓலை. பச்சையா, காய்ந்ததா என்ற பேச்சே இதில் இல்லை. இலை காய்ந்தால் சருகு. பனையில் புதிதாக விரிவது குருத்தோலை, காய்ந்து தொங்குவது காவோலை. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஓலை என்றாலே காய்ந்ததுதான் என்றால் இந்தப் பழமொழியில் சிரிப்பதற்கு ஆளே இருக்காது.

இந்தப் பிரிவு நம் ஆசிரியர் கண்டுபிடித்ததும் அல்ல. வெளியே வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி பிரிக்கிறது. ஓலையைப் புல்லோடும் இலையை மரத்தோடும் சேர்க்கிறது. வெட்டிய தென்னையைப் பார்த்தால் புரியும்: ஓரம்தான் கெட்டி, நடுப்பகுதி மிருது.

‘வாழையும் மரம் இல்லையே, அதற்கு மட்டும் ஏன் இலை?’ என்று ஓர் அப்பா கேட்டிருந்தார். அருமையான கேள்வி. வழக்கில் அது இலைதான். வழக்கு எப்போதும் சூத்திரத்துக்குள் அடங்குவதில்லை. இப்படிக் கேட்டால் எங்களுக்கு மகிழ்ச்சியே.

ஆனால் இரவு பத்தரை மணிக்கு ஆசிரியரை அழைத்துச் சத்தம் போடுவது கேள்வி ஆகாது. ‘டீச்சருக்கே தமிழ் தெரியவில்லை’ என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதும், அதைப் பிள்ளைக்கே படித்துக் காட்டுவதும் கூடாது. இனி மாலை 6 மணிக்கு மேல் ஆசிரியர்களின் சொந்த எண்ணுக்கு யாரும் அழைக்க வேண்டாம். வற்புறுத்தலுக்காக எந்த மதிப்பெண்ணும் மாற்றப்படாது.

குழுவில் விடைகளைப் பகிர்வதையும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் போட்ட தவறான வரியைத்தான் பாதி வகுப்பு மனப்பாடம் செய்திருக்கிறது. ‘தென்னை ஓலையில் கீற்று முடையலாம், மாவிலையில் முடைய முடியாது’ என்று தானாக யோசித்து எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. சொற்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

வேலை முடிந்து களைத்து வந்தும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வைக்கிறீர்கள். அது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத் தெரியும். அந்த அக்கறைக்கு ஆசிரியர்கள் எல்லோர் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

விடைத்தாள்கள் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். சந்தேகம் இருந்தால் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தமிழாசிரியரோடு நேரில் பேச நேரம் ஒதுக்கித் தருகிறேன். விடைத்தாளில் கையெழுத்துப் போட மறக்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்