அங்கத்தினர் பட்டியல் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் சபைப் பிரிவான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்தி, அங்கத்தினர் குறைந்துவருவதை மட்டும் வைத்து அது அழிவை நோக்கிப் போவதாக முடிவுகட்டிவிட்டது. 2006-இல் 1 கோடியே 63 லட்சமாக இருந்த அங்கத்தினர் எண்ணிக்கை 2024-இல் 1 கோடியே 27 லட்சமாகக் குறைந்தது உண்மையே. ஆயினும், அதே 2024-இல் வாரந்தோறும் ஆராதனைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 43 லட்சம் பேர் என்பதும், இது முந்தைய ஆண்டைவிடக் கூடுதல் என்பதும் செய்தியில் இடம்பெறவில்லை.

ஊர் மாறிப் போனவரும், வருவதை நிறுத்திவிட்டவரும் பல ஆண்டுகள் பட்டியலில் அங்கத்தினராகவே நீடிக்கிறார்கள். இப்பிரிவில் ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது. ஆண்டறிக்கை அனுப்புவதுகூட அதனதன் விருப்பம். எங்கோ ஒரு சபை தன் பதிவேட்டைத் திருத்தும்போது, பல்லாண்டுகளாக ஒவ்வொருவராக விலகியவர்கள் அனைவரும் ஒரே ஆண்டின் இழப்பாகக் கணக்கில் ஏறிவிடுகிறார்கள். நூறாண்டுகளில் காணாத சரிவு என்று பேசப்பட்ட, 2022-ஆம் ஆண்டின் நாலரை லட்சம் பேர் இழப்பிலும் இத்தகைய பழைய கணக்கு கலந்திருக்கிறது.

உண்மையில் கவலைக்குரியது ஞானஸ்நானக் கணக்குதான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காத மரபு இது. விசுவாசிகளின் வீட்டில் பிறந்த பிள்ளையும் தானே விசுவாசத்தை அறிக்கையிட்டு ஞானஸ்நானம் பெற்றால்தான் அங்கத்தினராக முடியும். 1999-இல் 4 லட்சத்துக்கும் மேலாக இருந்த ஞானஸ்நானங்கள், கொரோனாக் கால வீழ்ச்சியிலிருந்து மீண்ட பின்னும், 2024-இல் இரண்டரை லட்சம் அளவிலேயே நின்றன. நாட்டின் மக்கள்தொகை பெருகிய காலத்தில் நேர்ந்த குறைவு இது. பாலியல் கொடுமைப் புகார்களைத் தலைமையில் இருந்தவர்கள் பல ஆண்டுகள் புறக்கணித்ததை 2022-இல் வெளியான சுயேச்சை விசாரணை அறிக்கை அம்பலப்படுத்தியது. அதனால் எத்தனை பேர் விலகினார்கள் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. நம்பிக்கை இழந்தவர் ராஜினாமாக் கடிதமா கொடுத்துவிட்டுப் போகிறார்?

எனவே, இத்தகைய செய்திகளில் அங்கத்தினர் எண்ணிக்கையுடன் ஆராதனை வருகையையும் ஞானஸ்நானங்களையும் ஒருசேர வெளியிடுமாறும், ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளாமல் இருபது ஆண்டுக் கணக்கையேனும் அருகருகே தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்