ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து காலையில் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மழை விட்டபாடில்லை. தோட்டத் தொழிலாளர் லய வீடுகளுக்குப் பின்னால் மிஞ்சியிருந்த அந்த ஒரு வரிசை ரப்பர் மரங்களையும் போன மாதம் சாய்த்துவிட்டார்கள். இனி கண்ணுக்கெட்டிய வரை செம்பனைதான். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மனசு கனத்துப் போனது.

சரி, பேத்தி கதைக்கு வருகிறேன். ஆறாம் படிவத்தில் வேதியியல் படிக்கிறாள். இரண்டு கார்பன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பில் நிற்கும் தூரம் 1.54 ஆங்ஸ்ட்ராம் (அணுக்களை அளக்கும் மிகச் சிறிய அலகு), அதை மில்லிமீட்டரில் எழுது என்று கணக்கு. அடுக்கில் கழித்தல் குறியை விட்டுவிட்டு 1.54 பெருக்கல் 10-இன் அடுக்கு 7 என்று எழுதியிருந்தாள். அது 15.4 கிலோமீட்டர்! இங்கிருந்து ஈப்போ நகருக்குப் போகும் சாலையில் பாதி வழி. அவள் கண்ணுக்கு அது வெறும் எண்ணாகத்தான் தெரிந்ததே ஒழிய, தூரமாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

உள்ளே போய் அம்மா ரப்பர் மரம் சீவிய உளியை எடுத்து வந்தேன். உனக்குச் சொல்லவே வேண்டாம், பால் குழாய்கள் பட்டைக்குள், உள்ளே இருக்கும் தண்டை ஒட்டித்தான் அதிகம். ஆழமாக வெட்டினால்தான் நிறையப் பால் வரும். ஆனால் தண்டுக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது மிஞ்ச வேண்டும். உளி தண்டைத் தொட்டால் மரத்துக்குக் காயம், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு. விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், அம்மா அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே அறிந்திருந்தார்.

அந்த ஒரு மில்லிமீட்டரில் எத்தனை ஆங்ஸ்ட்ராம் தெரியுமா? சரியாக ஒரு கோடி. பேத்திக்குக் கோடி பழக்கமில்லை, பள்ளியில் மில்லியன்தான். பத்து மில்லியன் என்று சொன்னேன், பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவளே போட்டாள்: ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி, நம் காலத்து அங்குலத்துக்கு 25.4 கோடி, ஒரு அடிக்கு 304.8 கோடி. ஆங்ஸ்ட்ராமிலிருந்து மில்லிமீட்டருக்குப் போனால் கோடியால் வகுக்க வேண்டும். ஆக அந்தப் பிணைப்பு 0.000000154 மில்லிமீட்டர். நானோமீட்டரில் 0.154, அது இன்னும் சுலபம்.

மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், சொட்டும் பாலைப் பற்றியும் கேட்டாள். அதில் மிதக்கும் ரப்பர் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. ஒரு மைக்ரோன் பத்தாயிரம் ஆங்ஸ்ட்ராம். நாம் சீவிய கோட்டில் உறைந்த கோட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்தோமே, அதற்குள் எத்தனை துகள் இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

இந்த அலகுக்குப் பெயர் தந்தவர் சுவீடன் நாட்டு ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம். 1868-இல் சூரிய ஒளியின் நிறமாலையை அளந்து வெளியிட்டபோது, மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கை அலகாக வைத்துக்கொண்டார். ஒளி அலைக்காக வந்த அளவு அணுவுக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவே ஏறக்குறைய ஒரு ஆங்ஸ்ட்ராம்தான்.

உன் அம்மாவின் உளி இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம் பேத்திக்கு.

அன்புடன்,
உன் பழைய லயத்துத் தோழன்