இரண்டும் ஒரே எஞ்சின் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மிட்சுபிஷி லான்சர் எவோ 9-ஐயும் எவோ 10-ஐயும் ஒப்பிட்ட கட்டுரையில், "இரண்டிலும் அதே இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின்தான்" என்று ஒரு வரி. பதினெட்டு வருடமாக ஷார்ஜாவில் இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவன் நான். அந்த வரியைத் தாண்டிப் படிக்கவே மனம் வரவில்லை.

எவோ 9-இல் இருப்பது 4ஜி63. இரும்பு பிளாக், 1997 சிசி. பின்லாந்து ராலி ஓட்டுநர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி பட்டம் வென்றது இந்தக் குடும்பத்து எஞ்சினில்தான். 2007-இல் எவோ 10-உடன் வந்தது 4பி11. அலுமினிய பிளாக், 1998 சிசி. வித்தியாசம் ஒரே ஒரு சிசிதான், ஆனால் இதன் பிஸ்டன்கூட அதற்குச் சேராது. பானெட்டைத் திறந்தாலே தெரியுமே ஐயா! 9-இல் டர்போ ரேடியேட்டருக்குப் பின்னால், முன்பக்கமே நிற்கும். 10-இல் எஞ்சினைத் திருப்பிப் போட்டதால் டர்போ எஞ்சின் அறையின் பின்சுவரை ஒட்டிப் போய்விட்டது.

இதில் என்ன பெரிய தப்பு என்று நீங்கள் கேட்கலாம். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க 4ஜி63-க்கு டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை, 4பி11-க்குச் செயின். பெல்ட்டைக் காலாகாலத்தில் மாற்றியாக வேண்டும். மூன்று வருடம் முன்பு ஒரு தம்பி பழைய எவோ 9 வாங்கினான். "எவோவுக்குச் செயின்தானே அண்ணே, மாற்ற வேண்டாமாமே" என்றான். எங்கோ படித்தானாம். இரண்டே மாதத்தில் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினால் பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்து கிடந்தன. சேமித்து வைத்த பணம் முழுக்க அதிலேயே போயிற்று. அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

எடையைப் பற்றியும் இரண்டு முறை எழுதினேன், நீங்கள் போடவில்லை. ஜப்பானில் இரண்டும் 280 குதிரைத்திறன் என்றே விற்பனைக்கு வந்தன. ஆனால் 10 சுமார் நூறு கிலோ கூடுதல். வளைவில் 9 சட்டென்று திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் கட்டுரையாளர் அதைப் "பழைய பாசம்" என்று தள்ளிவிட்டார். நான் 10-ஐக் குறை சொல்லவில்லை. மழையில் குடும்பத்தோடு போக வேண்டுமென்றால் அதைத்தான் எடுப்பேன். முன்பெல்லாம் மெக்கானிக் பதில்கள் என்று ஒரு பக்கம் வரும், அதற்காகவே ஊரிலிருந்து இதழை வரவழைத்தேன். அதையும் நிறுத்திவிட்டீர்கள்.

சரி, இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் ஒரு ஓரத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: எவோ 9-க்கு டைமிங் பெல்ட், காலாகாலத்தில் மாற்ற வேண்டும் என்று.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர், ஷார்ஜா