பினாங்குத் தண்ணீர்ப் பந்தல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தைப்பூசத்துக்குப் பந்தல் போடும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், அடுப்படியில் நின்று வேகும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

தீபாவளி முடிந்த கையோடு நம் வாட்சாப் குழுக்கள் சூடுபிடித்துவிடும். இந்த வருடம் எத்தனை தேங்காய், எந்த உறுமி மேளம், பதாகையில் யார் படம் மேலே, யார் படம் கீழே. அந்தப் பேச்சு தொடங்குமுன் இதை உங்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் வெளியாள் இல்லை. ஜாலான் உத்தாமாவில் ஒரு பந்தலுக்குப் பதினோரு வருடம் பொருளாளராக இருந்தவன். ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். விடிய விடியக் கொண்டைக்கடலை வேகவைத்திருக்கிறேன். அதனால் இங்கே நான் எழுதும் குறை எல்லாம் முதலில் என் குறை.

சில வருடங்களுக்கு முன், பூசத்தன்று காலை. மோரும் ரோஸ் சிரப்பும் கலக்கி, ஐஸ் போட்டு, தம்ளர்களை வரிசையாக அடுக்கியாயிற்று. ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. முதல் தம்ளரை அவர் கையால்தான் கொடுக்க வேண்டும், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று குழுவில் முடிவு. முடிவெடுத்தவர்களில் நானும் ஒருவன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பால்குடம் தூக்கி வந்த ஒரு அம்மா பந்தல் முன் நின்று, "பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்கம்மா, இப்ப குடுத்துடுவோம்" என்றேன். குரலில் மரியாதை இருந்தது. சொல்லிவிட்டு, கார் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

அவர் எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெரிய மனிதர் வந்தார், கொடுத்தார், படம் எடுத்தோம், எல்லாருக்கும் சந்தோஷம்.

நான்கு நாள் கழித்து, முகநூலில் போடுவதற்காக என் கைப்பேசியில் எடுத்த காணொளியை வெட்டிக்கொண்டிருந்தேன். படத்தின் இடது ஓரத்தில் அந்த அம்மா நிற்கிறார். ஒரு கை தலைக்கு மேலே குடத்தில். இன்னொரு கையில் ஐந்து வயது இருக்கும் ஒரு பையன். அவன் தம்ளரைக் காட்டுகிறான். அம்மா அவன் கையை மெல்லக் கீழே இறக்குகிறார். அவன் மறுபடி காட்டுகிறான். மறுபடி இறக்குகிறார். அப்புறம் இருவரும் படத்தைவிட்டுப் போய்விடுகிறார்கள். என் குரல் பின்னால் கேட்கிறது: "பதாகை தெரியுதா பாரு, பதாகை தெரியுதா பாரு."

தண்ணீர்ப் பந்தல் என்று பெயர். ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னது நான்.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். நோக்கம் என்பது மனசுக்குள் இருப்பது, அதை முருகன் ஒருவன்தான் அறிவான் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தலைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. எங்கே நிற்கிறது, எந்த நேரத்துக்குத் திறக்கிறது, எப்போது மூடுகிறது, முன்னால் இருப்பது தண்ணீர்ப் பீப்பாயா ஒலிபெருக்கியா. முருகனைச் சுமந்து வந்த வெள்ளி ரதம், பூசத்துக்கு மறுநாள் இரவு தண்ணீர்மலைக் கோவிலிலிருந்து ஊருக்குள் இருக்கும் செட்டியார்களின் கோவில் வீட்டுக்குத் திரும்பும். அந்த நேரத்துக்கு எங்கள் பந்தலில் ஒரு நாற்காலிகூட இருந்ததில்லை. அதே ரதம், அதே முருகன், தாகத்தோடு பின்னால் நடந்துவரும் சனமும் உண்டு. கேமரா மட்டும் குறைவு.

1894-லிருந்து அந்த வெள்ளி ரதம் ஓடுகிறது. 2017-ல் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் புறப்படத் தொடங்கியபோது எங்கள் குழுவில் மூன்று கூட்டம் நடந்தது. பக்தர்களுக்கு எங்கே நிழல் வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த ரதத்தோடு நம் பதாகை படத்தில் விழும் என்றுதான் பேசினோம். வயதான ஒருவர் கடைசியில் எழுந்து, "ரெண்டுலயும் இருக்கிறது ஒரே ஆளுதானப்பா" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை, நானும்தான்.

ரதத்துக்கு முன்னால் நாம் உடைக்கும் தேங்காய் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். ஓடு உடைவது நம் ஆணவம் உடைவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். சரி, பிறகு ஏன் எண்ணிச் சொல்கிறோம்? பக்கத்துப் பந்தல் ஆயிரத்து ஐந்நூறு என்று இரவு பத்து மணிக்குக் காதில் விழுந்து, மொத்தக் கடைக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி இன்னும் அறுநூறு காய் வரவழைத்தவர்கள் நாங்கள். அந்த அறுநூறும் எந்தக் கணக்கு? வேண்டுதல் கணக்கு இல்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வருடா வருடம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும்போதெல்லாம், 'இவர்களுக்கு நம் சமயத்தில் என்ன வேலை' என்று நான் முணுமுணுத்திருக்கிறேன். வீணாகும் தேங்காய் அவர்கள் கவலை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அந்த அறுநூறை உடைத்தபோது என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்தது என்பது. எதிர்வரிசைக் கடையில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். ரதம் நெருங்கும்போது ஊதுபத்தியோடு வந்து கும்பிட்டு, கையில் கொண்டுவந்த சில காய்களை உடைத்துவிட்டுத் தெரு கூட்டும் ஆட்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார். எத்தனை காய் என்று பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் சொல்லிக் கேட்டதில்லை.

இது பூசத்தோடு நிற்கிற பழக்கமும் இல்லை. வீட்டில் விருந்தாளி இருக்கும்போது அம்மாவை "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்கிற குரல் எனக்கு ஒன்று உண்டு. யாரும் இல்லாத செவ்வாய்க்கிழமை இரவில் அந்தக் குரல் வருவதில்லை. ஒருநாள் அம்மாவே, "யாரு வந்திருக்கா?" என்று அறையிலிருந்து கேட்டார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும், ஏனென்றால் பதினோரு வருடம் நான் சொன்னதும் அதுதான். பெயர் போடாவிட்டால் எவன் காசு கொடுப்பான்? பெயருக்காகக் கொடுத்த மோரும் தொண்டையை நனைக்கத்தானே செய்கிறது? உண்மை, நனைக்கும். அப்படிக் கொடுத்தவர்களை நான் கேவலமாக நினைக்கவில்லை. ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து இறந்துபோன அப்பாவின் பெயரைப் போடச் சொன்ன ஒரு லாரி ஓட்டுநர், பதாகை முன்னால் நின்று அந்தப் பெயரைத் தடவிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். அதைப் பெருமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பெயருக்கும் தாகத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அந்த ஐந்து நிமிடம் வருகிறதே, அப்போது எது ஜெயிக்கிறது? எங்கள் பந்தலில் எது ஜெயித்தது என்று மேலே எழுதிவிட்டேன்.

பூசலார் கதை நமக்கெல்லாம் தெரியும். கையில் காசில்லாமல் திருநின்றவூரில் மனசுக்குள்ளேயே கோவில் கட்டியவர். காஞ்சியில் அரசன் கல்லால் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தால், சிவன் கனவில் வந்து, நாளைக்குப் பூசலார் கோவிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். சொற்பொழிவுகளில் பூசலாரைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு இப்போதெல்லாம் அரசன்தான் நினைவில் நிற்கிறான். அவன் கோபப்படவில்லை. என் பணம், என் கல், என் பெயர் என்று வாதாடவில்லை. கிளம்பிப்போய், கோவிலே இல்லாத ஊரில் கோவில் எங்கே என்று விசாரித்து, அந்த ஏழை காலில் விழுந்தான். பந்தலும் பணமும் வைத்திருக்கிற நமக்கு அவன்தான் நெருக்கம்.

போன பூசத்துக்கு நானும் என் மச்சானும் எந்தக் குழுவிலும் சேரவில்லை. விடியற்காலை மூன்றரை மணிக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில், பாலதண்டாயுதபாணி கோவிலின் 513 படியும் ஏறி இறங்கி வருகிறவர்கள் களைத்து உட்காரும் இடத்தில், இரண்டு வாளி தண்ணீரோடும் ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பியோடும் நின்றோம். பதாகை இல்லை, பாட்டு இல்லை. ஒரு பாட்டி வாங்கிக் குடித்துவிட்டு, மீதியைத் தன் கால் மேல் ஊற்றிக்கொண்டு, "யாரு பெத்த பிள்ளையோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதும் உள்ளே என்ன ஆனது தெரியுமா? இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பரபரத்தது. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொல்லிவிட்டேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். பதாகையை எடுத்தால் ஆசை போய்விடும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அன்று காலை கேட்டவர் யாரும் தண்ணீர் இல்லாமல் போகவில்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. இந்த ஒரு வருடம், பந்தல் எங்கே என்று முடிவெடுக்கும்முன் முந்தின நாள் ஒருமுறை வெறுங்காலோடு அந்த வழியை நடந்து பாருங்கள். எங்கே கால் சுடுகிறதோ, எங்கே நாக்கு வறள்கிறதோ அங்கே போடுங்கள். யார் வருவதாக இருந்தாலும், முதலில் கேட்கிறவருக்கு முதல் தம்ளர் போகட்டும். மறுநாள் இரவு ரதம் திரும்பும்வரை இரண்டு பேராவது இருங்கள். நன்கொடையாளர் பெயர்களை வேண்டுமானால் பந்தலின் உள்பக்கம், தண்ணீர் ஊற்றுகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டுங்கள். அந்த லாரி ஓட்டுநர் அங்கேயும் வந்து தடவிப் பார்ப்பார்.

எந்தக் குழு கூப்பிட்டாலும் முதல் கூட்டத்துக்கு வருகிறேன். பேச எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காணொளியைக் கொண்டு வருகிறேன், இரண்டு நிமிடம்கூட ஓடாது. பெரிய மனிதர் வரும் இடத்தைத் தள்ளிவிடுங்கள். தொடக்கத்திலேயே, இடது ஓரத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஜாலான் உத்தாமாவின் ஒரு பழைய பொருளாளர்