பானையைப் பார்த்துப் பாட்டில் வாங்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். சோரிசோ என்கிற பன்றிக்கறித் தொத்திறைச்சி போட்ட லெந்தேஹாஸ் பயறுக்குழம்பு நன்றாகவே வந்திருக்கிறது, பயறு குழையவில்லை. பக்கத்தில் நின்ற பாட்டிலைப் பார்த்துத்தான் அப்பா சிரித்தார். வார நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நம் ரியோஹா பகுதியின் விலை கூடிய கிரான் ரெசெர்வா சிவப்பு ஒயினா?

காசு உன்னுடையது, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் "இதைவிட நல்லது எது அம்மா?" என்று நீயே கேட்டுவிட்டாய். பயறுக்கு நல்லது வேண்டுமென்றால் விலையில் மேலே போகாதே, கீழே இறங்கு.

ஸ்பானிஷ் ஒயின் பாட்டிலில் போட்டிருக்கும் ஹோவென் (இளம் ஒயின்), கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்பதெல்லாம் மதிப்பெண் இல்லை. எத்தனை காலம் வைத்திருந்து விற்றார்கள் என்கிற கணக்கு, அவ்வளவுதான். ரியோஹாவில் சிவப்பு ஒயின் கிரியான்சா ஆக வேண்டுமென்றால் குறைந்தது 2 வருடம் இருக்க வேண்டும், அதில் 1 வருடமாவது ஓக் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு 3 வருடம். கிரான் ரெசெர்வாவுக்கு 5 வருடம், அதில் பீப்பாயில் 2, பாட்டிலில் 2. பின்பக்க முத்திரையின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: கிரியான்சாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்குக் கருஞ்சிவப்பு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம். இந்தக் காலக்கெடு எதற்கும் கட்டுப்படாதது பச்சை. அந்தப் பச்சையைக் கேவலமாகப் பார்க்காதே. எங்கள் மேஜையில் பெரும்பாலும் அதுதான்.

அத்தனை வருடம் காத்திருந்ததற்கும் பீப்பாய்க்கும் சேர்த்துத்தான் நீ பணம் கொடுக்கிறாய். ஆனால் அப்படி மெல்ல மெல்ல அடங்கி வந்த வாசனை, சோரிசோவில் இருக்கும் பிமென்தோன் மிளகாய்த்தூளின் புகைவாசத்துக்கு முன்னால் காணாமல் போய்விடும். அதைச் சும்மா வறுத்த ஆட்டுக்கறிக்கு வைத்துக்கொள்.

நீ இருக்கும் இடமோ அதிர்ஷ்டம் பிடித்த இடம். காம்போ தே போர்ஹா, கரின்யேனா, கலதாயுத் ஆகிய மூன்று ஒயின் பகுதிகளும் உன் சரகோசா மாகாணத்திலேயே இருக்கின்றன. மூன்றிலும் கார்னாச்சா திராட்சைதான் பேர்போனது. வறட்சியைத் தாங்கும் கொடி அது. வயதான கொடிகள் குறைவாகக் காய்க்கும், ஆனால் சுவை இறுகி வரும். ரியோஹா என்ற பெயருக்குக் கொடுக்கும் விலை இங்கே கிடையாது, ஐந்தாறு யூரோவுக்கே நல்ல பாட்டில் கிடைக்கும். துவர்ப்பு குறைவு, பழச்சுவை அதிகம். உன் பயறுக்கும், உருளைக்கிழங்கும் சோரிசோவும் போட்டு நான் செய்வதற்கும் அது நன்றாக ஒத்துப்போகும். ஒன்று மட்டும் கவனி: வெயிலில் நன்றாகப் பழுத்துவிடுவதால் ஆல்கஹால் 14, 15 சதவீதம்வரை ஏறும். இரண்டாவது கிளாஸில் நிதானம் வேண்டும்.

ஆட்டு விலாத்துண்டு சுடும் நாளில் மட்டும் கிரியான்சா எடு. அதிலுள்ள தெம்ப்ரனீயோ திராட்சையின் துவர்ப்பைக் கறியின் கொழுப்பும் புரதமும் தணித்துவிடும், இரண்டுக்கும் அது நல்லது. வெறும் வயிற்றில் குடித்துவிட்டுக் கரகரக்கிறது என்று சொல்லாதே. குளிர்காலத்தில் நெடுநேரம் வேகும் மாட்டுக்கறிக்கு ஹுமில்யா பகுதியின் மொனாஸ்த்ரெல் திராட்சை ஒயின் வாங்கிப் பார். கறுத்து, கனத்து இருக்கும், விலையோ கொஞ்சம்தான். முட்டையும் உருளையும் போட்ட தோர்த்தியாவுக்கு அவ்வளவு கனம் தாங்காது, பியெர்சோ பகுதியின் மென்சியா திராட்சை ஒயின் போதும். மீன் என்றால் வெள்ளைதான் என்றும் இல்லை. தக்காளியும் சிவப்புக் குடைமிளகாயும் போட்டு நம் ரியோஹாவில் வைக்கும் பக்காலாவோ என்னும் உப்பிட்ட காட் மீனுக்கு இளம் சிவப்பு ஒயின் அருமையாகச் சேரும்.

என் கறிக்குழம்பைச் செய்து பார்க்கப் போவதாகச் சொன்னாய். செய். ஆனால் அதற்குக் கார்னாச்சா வேண்டாம். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் கிளறிவிடும். லேசான ஹோவெனைக் குளிரவைத்துக் கொஞ்சமாகக் குடி. இல்லையென்றால் அன்றைக்குத் தண்ணீரே போதும்.

குளிரவைப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். ஜூலை மாதச் சரகோசாவில் அறை வெப்பம் என்ன என்று உனக்கே தெரியும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வை. ரொம்ப மலிவானது கிடைத்துச் சுவை பிடிக்கவில்லையா, ஐஸும் காசெயோசா என்னும் இனிப்புச் சோடாவும் ஊற்றித் திந்தோ தே வெரானோ (கோடைச் சிவப்பு ஒயின்) ஆக்கிவிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கோடையில் ஊரே அதைத்தான் குடிக்கிறது.

தனியாக இருக்கிறாய், ஒரே ராத்திரியில் பாட்டிலைத் தீர்க்க வேண்டியதில்லை. கார்க்கைத் திருப்பி அழுத்தி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கப்புறம் கறி வேகும்போது ஊற்றிவிடு.

அடுத்த மாதம் ரயிலில் வருகிறோம். கலதாயுத் பாட்டில் இரண்டு வாங்கி வை, கறி நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவை ஒரு கிளாஸோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மகன் ஊற்றினால் கணக்கில் வராது என்று இப்போதே சொல்லித் திரிகிறார். நீ அதற்கு உடன்படாதே.

அன்புடன்,
அம்மா