டிஸ்க் வாங்க

அன்பு மகனுக்கு,

லான்சோனஸ் பழம் வந்துவிட்டது. அம்மா உனக்கென்று ஒரு கூடை எடுத்து வைத்திருக்கிறாள். தோல் கறுத்துக்கொண்டு வருகிறது.

உங்கள் கூடைப்பந்து அணியில் தலைமைக் கோச் மாறிய செய்தியை டிவியில் பார்த்தோம். கோச் போனால் அவர் கூட்டிவந்த உதவியாளர்களும் பெட்டி கட்டுவதுதான் வழக்கமாம், எதிர்வீட்டுக்காரர் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அணிக்காக நீ ஆட்ட வீடியோ வெட்டுவதில் மட்டும் அவசரப்படாதே. எதிரணியின் கடைசி மூன்று ஆட்டம் போதும். பிக் அண்ட் ரோல் (பந்து வைத்திருப்பவனுக்காக எதிராளியை மறித்துவிட்டுக் கூடைப் பக்கம் ஓடுவது), போஸ்ட் அப் (கூடைக்கு முதுகு காட்டி நின்று பந்து வாங்குவது), கூடைக்கு அடியில் எல்லைக்கோட்டிலிருந்து பந்து போடுவது, டைம் அவுட் முடிந்ததும் ஆடும் முதல் நகர்வு, இவற்றைத் தனித்தனியாகப் பிரி. வகைக்கு ஐந்தாறு துண்டு. மொத்தம் 12 நிமிடம் தாண்டினால் பையன்கள் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்கிரீன், அதாவது அந்த மறிப்பு, விழுவதற்கு 2 வினாடி முன்பே துண்டு தொடங்க வேண்டும். ஸ்கிரீனில் மோதி நின்ற கார்டு ஆட்டக்காரனைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். பின்னால் நின்ற சென்டர் ஆட்டக்காரன் எச்சரித்துக் குரல் கொடுக்கவில்லை என்பது அந்த 2 வினாடியில்தான் தெரியும். ஷாட் தவறியதும் வெட்டிவிடாதே, தெறித்து வரும் பந்து, அதுதான் ரீபவுண்டு, கைக்கு வரும்வரை ஓடட்டும். நல்ல தடுப்பாட்டம் ஆடிவிட்டு, ஆளை மறித்து நிற்காமல் பந்தையே அண்ணாந்து பார்த்துக் கோட்டைவிடுவதெல்லாம் அங்கேதான். எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வை. 12 நிமிடத்தை மறந்துவிடாதே.

அணி மாறுவது ஒரு குறையா? கோச் பேபி டலுபான் 1976இல் கிறிஸ்பா அணிக்கு கிராண்ட் ஸ்லாம், அந்த வருஷத்தின் மூன்று கோப்பையும், வாங்கித் தந்தவர். நம் பிலிப்பைன்ஸ் லீக்கான பிபிஏவில் மொத்தம் 15 கோப்பை. கடைசிக் கோப்பை 1990இல் பியூர்ஃபுட்ஸ் அணிக்கு வந்தது, கிறிஸ்பாவுக்கு அல்ல. கோச் யெங் குவாவ் 2016இல் ரெயின் ஆர் ஷைன் அணியை விட்டு என்எல்எக்ஸ் அணிக்குப் போனார், 2022இல் திரும்ப அதே ரெயின் ஆர் ஷைனுக்கே வந்து உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

நம் சான் பாப்லோ ஊர்க்காரியின் மகன் ஸ்போல்ஸ்ட்ரா கதை உனக்குத் தெரியும். 1995இல் அமெரிக்காவின் மயாமி ஹீட் அணியின் வீடியோ அறையில் சேர்ந்தார், தலைமைக் கோச் ஆனது 2008இல். பதின்மூன்று வருஷம். 2012, 2013 கோப்பையை மட்டும்தான் இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். நீ போய் மூன்று வருஷம்கூட ஆகவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி 2 மணிவரை திரையைப் பார்த்துவிட்டு வெறும் காப்பியோடு படுக்காதே.

நீ அந்த வேலைக்குப் போனபோது, "டேப் வெட்டுகிற குமாஸ்தா வேலைக்கா டிகிரி படித்தாய்" என்று உன் மாமாக்கள் முன்னால் கேட்டேன். ஸ்போல்ஸ்ட்ரா எங்கே ஆரம்பித்தார் என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். நீ அணியின் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் படம் பேப்பரில் வந்ததே, அதை வெட்டி என் பர்ஸில் வைத்திருக்கிறேன். இதையும் உன்னிடம் சொல்லவில்லை.

குபாவோவில் நீ இருக்கும் ரூமுக்கு வாடகை 5ஆம் தேதி என்று அம்மா சொன்னாள். கவரில் இருக்கும் பணம் அதற்கு இல்லை. இரண்டாவது டிஸ்க் வாங்க. ரசீது எல்லாம் வேண்டாம்.

அப்பா