பேட்டில் ஆஃப் பிரிட்டன் பார்த்துவிட்டேன்

அன்புள்ள ராமநாதா,

கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்ததில் பதில் தள்ளிப் போனது. இப்போது நன்றாகத் தெரிகிறது. புதுக் கண்ணுக்கு முதல் படமாக, நீ வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' பார்த்தேன். 1940இல் இங்கிலாந்து வானில் ஜெர்மன் விமானப்படையோடு பிரிட்டிஷ் விமானப்படை மோதிய போரைப் பற்றிய 1969 படம். கய் ஹாமில்டன் இயக்கம்.

சண்டைக்கு வராதே, எனக்குப் பாதிதான் பிடித்தது. லாரன்ஸ் ஒலிவியே, மைக்கேல் கெய்ன், ராபர்ட் ஷா, கிறிஸ்டோபர் பிளம்மர், ட்ரெவர் ஹோவர்ட் என்று கல்யாணப் பத்திரிகையில் சுற்றத்தார் பெயர் போட்டாற்போலப் பட்டியல். ஆனால் ஆக்சிஜன் மூடியை மாட்டியதும் எல்லாரும் ஒன்றுதான். மைக்கேல் கெய்ன் செத்ததே எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஓட்டிப் பார்த்தேன். பிளம்மருக்கும் சுசன்னா யார்க்குக்கும் நடக்கும் புருஷன் பெண்டாட்டிச் சண்டை எதற்கென்றே புரியவில்லை. ஆனால் அதே யார்க் முகம் கருகிய ஓர் அதிகாரியைத் திரும்பிப் பார்க்கும் இடம் இருக்கிறதே, அங்கே திடுக்கிட்டேன். அது ஒப்பனை இல்லையாம். போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்து நிஜமாகவே வெந்தவர்.

விமானங்கள்தான் படம். கணினி வரைகலை இல்லாத காலம், பெரும்பாலும் அசல். ஜெர்மானியரின் மெஸ்ஸெர்ஷ்மிட் போர்விமானமாக வருபவை ஸ்பெயினில் தயாரானவை. அவற்றுக்கு ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் என்ஜின். எதிரில் பறக்கும் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயருக்கும் மெர்லின்தான்! ராமன் தேரிலும் ராவணன் தேரிலும் ஒரே குதிரையைப் பூட்டினாற்போல. ஒரே மனக்குறை பிரிட்டனின் இன்னொரு போர்விமானமான ஹரிக்கேன். 1940இல் அதிக விமானங்களை வீழ்த்தியது அதுதான், படத்தில் மாலை மரியாதையெல்லாம் ஸ்பிட்ஃபயருக்கு. பறக்கும் நிலையில் ஹரிக்கேன் கிடைத்ததே விரல்விட்டு எண்ணும் அளவுக்கு என்கிறார்கள். சரி, போகட்டும்.

ஜெர்மானியர்கள் ஜெர்மனிலேயே பேசுவது எனக்குப் பிடித்தது. வில்லன் உடைந்த ஆங்கிலத்தில் உறுமும் கூத்து இல்லை.

எல்லாரும் ஒன்றாகத் தெரிந்த நடிகர்களில் ஒலிவியே மட்டும் விதிவிலக்கு. பிரிட்டிஷ் போர்விமானப் பிரிவின் தலைமைத் தளபதி டௌடிங்காகப் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறார். எத்தனை விமானம் வீழ்ந்தது, கணக்கு உதைக்கிறதே என்று அமைச்சர் போனில் துளைக்கிறார். நம் கணக்கு சரியென்றால் ஜெர்மானியர்கள் விட்டுவிடுவார்கள், தப்பென்றால் ஒரு வாரத்தில் லண்டனில் இருப்பார்கள் என்கிற மாதிரி பதில் சொல்கிறார். குரல் ஏறவே இல்லை.

ஒலிவியே செய்த பெரிய காரியம் திரைக்கு வெளியில். வில்லியம் வால்டன் எழுதிய இசையைப் பட நிறுவனத்தார் ஒதுக்கிவிட்டு ரான் குட்வினை வைத்து வேறு போட்டார்கள். வால்டன் இசை கொஞ்சமாவது இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஒலிவியே அடம்பிடித்திருக்கிறார். அப்படித் தப்பியதுதான் கடைசி வான்சண்டை. என்ஜின் உறுமல், துப்பாக்கி எல்லாம் அடங்கி, இசை மட்டும். விமானங்கள் புகை கக்கியபடி விழுகின்றன, யார் எந்தக் கட்சி என்றுகூடத் தோன்றவில்லை. அந்தச் சில நிமிஷத்துக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் மதுரை வருவதாக எழுதியிருந்தாய். தங்கச்சியையும் கூட்டி வா. அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போடுவோம். மகன் வாங்கிய பெரிய டிவி இருக்கிறது, சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஏதும் சொன்னால் நீ பேசிக்கொள்.

அன்புடன்,
சேது